கடலுக்குள் மைக் செட் போட்டது யார்?



எங்கள் முக்கூடலில், தாமிரபரணிப் படித்துறையில், சின்ன வயதில் நாங்கள் ஒரு விளையாட்டு ஆடுவோம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, மூச்சை அடக்கித் தலையை முக்க வேண்டும். பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்கும் தோழி இரண்டு கூழாங்கற்களைத் தண்ணீருக்குள்ளேயே 'டக் டக்' என்று தட்டுவாள். அந்தச் சத்தம் நம் மண்டைக்குள்ளேயே யாரோ தட்டுவது போலக் கேட்கும். எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவோம். பாதிக்கு மேல் தப்பாகத்தான் இருக்கும்! (இதைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரியவர்கள் துணையோடு, ஆழமில்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள். ஆற்றை நம்பக் கூடாது.)

ஏன் அப்படி? காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரம் போகும். தண்ணீரிலோ சுமார் 1,500 மீட்டர், அதாவது நாலு மடங்குக்கும் மேல். ஒரு சத்தம் வலக் காதுக்கு முதலில் வந்ததா, இடக் காதுக்கு முதலில் வந்ததா என்பதை வைத்துத்தான் நம் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. தண்ணீருக்குள் ஒலி அத்தனை வேகமாக வருவதால் இரண்டு காதுக்கும் ஒரே சமயத்தில் வந்தது போலாகிவிடுகிறது. மூளை குழம்பிப் போகிறது.

நமக்குத்தான் குழப்பம். கடலில் வாழும் திமிங்கலத்துக்கும் ஓங்கிலுக்கும் (டால்பினை நம் கடற்கரையில் அப்படித்தான் சொல்வார்கள்) அது குழப்பமே இல்லை. கடலில் 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே வெளிச்சம் மிகவும் குறைவு. போகப் போக ஒரே இருட்டு. அங்கே கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காதுதான் அவற்றுக்குக் கண். ஓங்கில் 'கிளிக் கிளிக்' என்று ஒலி எழுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டு, முன்னால் இருப்பது மீனா பாறையா என்று அறிந்துகொள்கிறது. அந்த ஒலியை அது வாங்கிக்கொள்வது எதன் வழியாகத் தெரியுமா? கீழ்த்தாடை வழியாக! தாடைக்குள் இருக்கும் கொழுப்பு ஒலியை உள்காதுக்குக் கொண்டு போகிறது.

சரி, முக்கூடல் டீச்சருக்குத் திமிங்கலத்தோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் படித்துறையைத் தொட்டுப் போகும் தண்ணீர் சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம், ஏரல் எல்லாம் தாண்டி புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் சேருகிறது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே நடந்தால் காயல்பட்டினம், திருச்செந்தூர், ஆலந்தலை, கல்லாமொழி, குலசேகரப்பட்டினம், மணப்பாடு என்று வரும். அந்தக் கரையில்தான் 2016-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி மாலையில் திமிங்கலங்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஒதுங்கின. 80-க்கும் மேல்! 'பைலட் திமிங்கலம்' என்ற இனம். உருண்டைத் தலையும் குட்டைத் துடுப்புமாகக் கரிய நிறத்தில் இருக்கும்.

மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். படகில் கயிறு கட்டி ஆழக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். விட்டுவிட்டுப் படகு திரும்பினால், பின்னாலேயே திமிங்கலமும் திரும்பி வந்தது. கரையில் கிடக்கும் சொந்தக்காரர்களை விட்டுப் போக மனமில்லாதவை போல! மறுநாளைக்குள் 40-க்கும் மேல் இறந்துவிட்டன. பொக்லைன் வைத்துக் கடற்கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். இதே கரையில் 1973-ஆம் ஆண்டு ஜனவரியிலும் இதே இனத்தைச் சேர்ந்த 147 திமிங்கலங்கள் ஒதுங்கியதாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் பதிவு செய்திருக்கிறார்கள்.

இரண்டு தடவையும் காரணம் இன்னதுதான் என்று உறுதியாகவில்லை. 2016-இல் ஆளுக்கொன்று சொன்னார்கள். கப்பல் சத்தம்தான் காரணம் என்று நானும் இங்கே எழுதிவிட்டால் கட்டுரை விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அது சரியில்லை. 1973-இல் தூத்துக்குடித் துறைமுகம் இன்றைய அளவில் இல்லை; அது பெரிய துறைமுகமானதே 1974-இல்தான். தெரிந்ததைத்தான் தெரிந்தது என்று சொல்ல வேண்டும்.

தெரிந்தது இதுதான்: இந்தத் திமிங்கலங்கள் குடும்பமாக வாழ்கின்றன. தாய், பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று ஒரே கூட்டம். கணவாய் பிடிக்கப் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு முங்கும்போதும் குரல் கொடுத்து மேலே இருப்பவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்கின்றன. எங்கள் ஊரில் பீடி சுற்றும் அம்மாமார்களைப் பார்த்திருக்கிறேன். மடியில் தட்டு, கை நிற்காது, தலை நிமிராது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தெருவைப் பார்த்து, "ஏலேய்!" என்று ஒரு குரல். தெருவில் விளையாடும் பிள்ளை, "இந்தா இருக்கேம்மா!" என்று பதில் குரல் கொடுக்கும். பேசிக்கொள்ள விஷயம் எதுவும் இல்லை. நீ இருக்கிறாயா, நான் இருக்கிறேன், அவ்வளவுதான். திமிங்கலங்களின் குரல்களில் பல அப்படிப்பட்டவைதான். ஓங்கில்கள் இன்னும் ஒரு படி மேலே. ஒவ்வொரு ஓங்கிலுக்கும் அதற்கென்றே ஒரு சீட்டி உண்டு, நமக்குப் பெயர் இருப்பது போல. அந்தச் சீட்டியைப் பதிவு செய்து கடலுக்குள் ஒலிக்கச் செய்தபோது, அதற்கு உரிய ஓங்கில் மட்டும் பதில் கொடுத்ததாக ஸ்காட்லாந்து விஞ்ஞானிகள் 2013-இல் எழுதினார்கள்.

இப்போது ஒரு சொந்தக் கதை. என் மகளுக்கு ஐந்து வயதிருக்கும். உறவினர் ஊரில் கோயில் கொடை. மரத்துக்கு மரம் குழாய் ரேடியோ. ஒரு பக்கம் நையாண்டி மேளம், இன்னொரு பக்கம் ஜெனரேட்டர். கையைப் பிடித்திருந்த பிள்ளையைக் காணவில்லை! பெயரைச் சொல்லிக் கத்துகிறேன்; என் குரல் எனக்கே கேட்கவில்லை. பத்து நிமிடம் போல ஆகியிருக்கும். எனக்கு அது பத்து வருடம். அப்போது மைக் செட்காரர் கேசட்டின் மறுபக்கத்தைப் போடப் பாட்டை நிறுத்தினார். மேளக்காரர்களும் அப்போதுதான் காப்பி குடிக்கப் போயிருந்தார்கள். அந்த அரை நிமிட அமைதியில், "அம்மா!" என்று ஓர் அழுகுரல். ஐஸ் வண்டிக்குப் பின்னால், பத்தே அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு நேரமும் அவள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

கடலில் மைக் செட் போட்டது நாம்தான், பிள்ளைகளே. பெரிய சரக்குக் கப்பலின் பின்னால் வீட்டுயரத்துக்கு ஒரு விசிறி சுற்றுகிறது. அது வேகமாகச் சுற்றும்போது தண்ணீரில் லட்சக்கணக்கில் குமிழிகள் உண்டாகி உடைகின்றன. அம்மா வெந்நீர் வைக்கும்போது கொதிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பாத்திரம் 'உஸ்ஸ்' என்று சத்தம் போடுமே, அதுவும் குமிழிகள் உடையும் சத்தம்தான். அதையே எத்தனையோ ஆயிரம் மடங்காக்கிக்கொள்ளுங்கள். விசிறியோடு என்ஜின் அதிர்வும் சேர்ந்து, இரவு பகலாக அடித்தொண்டை உறுமலாகக் கடலெங்கும் பரவுகிறது. நீலத் திமிங்கலம் பேசுவதும் அதே அடித்தொண்டைக் குரலில்தான். அந்தக் குரல் அமைதியான கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகக் கூடியது. உறுமல் கூடக் கூட, குரல் எட்டும் தூரம் சுருங்கிவிடுகிறது.

இதற்கு அவை என்ன செய்கின்றன? நாம் என்ன செய்வோமோ அதையே! கொலையாளித் திமிங்கலங்கள் படகுச் சத்தம் கூடினால் தாமும் குரலை உயர்த்துகின்றன. அட்லாண்டிக் கடலின் 'ரைட்' திமிங்கலங்கள் பழைய நாளைவிடக் கீச்சுக் குரலுக்கு மாறியிருக்கின்றன. சில இனங்கள் பேச்சையே நிறுத்திவிடுகின்றன. கடற்படைகள் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடப் பயன்படுத்தும் சோனார் ஒலி இன்னும் கொடுமை. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் பல திமிங்கலங்கள் கரை ஒதுங்கியதற்குத் தங்கள் சோனாரே காரணமாயிருக்கக் கூடும் என்று அமெரிக்கக் கடற்படையின் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

அந்தக் கேசட் நின்ற அரை நிமிடம் மாதிரி கடலுக்கும் ஒரு தடவை நடந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் கட்டடங்கள் தாக்கப்பட்ட பிறகு, சில நாள்கள் கப்பல் போக்குவரத்து மிகவும் குறைந்தது. அந்தச் சமயத்தில் கனடா நாட்டின் ஃபண்டி வளைகுடாவில் விஞ்ஞானிகள் ரைட் திமிங்கலங்களின் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்காதீர்கள்! மிதக்கும் சாணத்தை மோப்பம் பிடிக்க அந்த ஆராய்ச்சியில் நாய்களைப் பழக்கிப் படகில் கூட்டிக்கொண்டு போனார்கள். பயமும் கவலையும் வந்தால் உடம்பில் சுரக்கும் ஒருவகை ஹார்மோன் சாணத்திலும் இருக்கும். அதை அளந்தால் திமிங்கலத்தின் மனக்கவலையை அளந்தது போல. கப்பல் குறைந்த அந்த நாள்களில் கடலின் சத்தம் 6 டெசிபல் குறைந்தது. சாணத்தில் அந்த ஹார்மோனும் குறைந்திருந்தது. பிறகு வந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து 2012-இல் இதை வெளியிட்டார்கள். இந்தத் திமிங்கலங்கள் உலகத்திலேயே இன்று 400-க்கும் குறைவாகத்தான் இருக்கின்றன.

நம் நாட்டிலும் ஆராய்ச்சி உண்டு. 2009-இல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது கங்கை ஓங்கில். அதன் கண்ணில் லென்ஸே கிடையாது; பார்வை இல்லை என்றே சொல்லலாம். கலங்கல் தண்ணீரில் ஒலியை நம்பியே வாழ்கிறது. பீகாரில் கங்கையின் நீர்வழியில் படகுகள் போகும்போது, முக்கியமாகக் கோடையில் தண்ணீர் குறைந்திருக்கும்போது, இந்த ஓங்கில்கள் ஒலி எழுப்பும் விதமே மாறுகிறது என்றும், அதனால் அவற்றின் உடல் சக்தி அதிகம் செலவாகிறது என்றும் 2019-இல் இந்திய ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். நம் பக்கத்துக் கடலிலோ ஆவுளியா என்னும் கடல் பசு இருக்கிறது. கடற்புல் மேயும் இந்தச் சாதுவும் குருவி போலக் கீச்சிட்டுப் பேசக் கூடியது. அதற்காக 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் பாதுகாப்பகத்துக்கு வெளியே எழும் சத்தம் எல்லைக் கல்லைப் பார்த்து நின்றுவிடாதே?

கப்பலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பி எத்தனை குடும்பங்கள் சோறு தின்கின்றன! உங்களில் பலருடைய அப்பாவே விசைப்படகில் போகிறவராக இருப்பார். பெரிய கப்பல்களை வேகம் குறைக்கச் சொல்வதுதான் என் கோரிக்கை. கனடாவின் வான்கூவர் பக்கம் 2017 முதல் கொலையாளித் திமிங்கலங்கள் வரும் பருவத்தில் கப்பல்கள் மெதுவாகப் போகின்றன. கடலுக்குள் சத்தம் குறைந்ததை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். இலங்கையின் தென்முனைக்குப் பக்கத்தில் நீலத் திமிங்கலங்கள் கூடும் இடத்தை விட்டு ஒரு பெரிய கப்பல் நிறுவனம் 2022 முதல் தன் பாதையைத் தெற்கே தள்ளி வைத்துக்கொண்டது. அது மோதலைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு. சத்தமும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்.

ஆனால் இவையெல்லாம் மனமிருந்தால் செய்பவை. கடலில் எண்ணெய் கொட்டினால் தண்டனை உண்டு. சத்தத்துக்கோ சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014-இலும், திருத்தி 2023-இலும் அறிவுரை மட்டும்தான் கொடுத்திருக்கிறது. 'வகுப்பில் பேசாதீர்கள்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு டீச்சர் வெளியே போய்விட்டால் என்ன நடக்கும்? முப்பது வருடம் வகுப்பு நடத்திய எனக்குத் தெரியும். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மன்னார் வளைகுடாவிலாவது அறிவுரையை விதியாக்க நம் அரசுகள் முன்வர வேண்டும். எண்ணெயை அள்ள மாதக்கணக்காகும். பிளாஸ்டிக் நூறு வருடம் கிடக்கும். சத்தம் ஒன்றுதான் நிறுத்திய நிமிடமே போய்விடும் குப்பை!

கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உயிரோடு ஒரு திமிங்கலமோ ஓங்கிலோ ஒதுங்கினால், முதலில் பெரியவர்களைக் கூப்பிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். தலைக்கு மேலே இருக்கும் துளைதான் அதன் மூக்கு. அதில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். வாலைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். சுற்றி நின்று கூச்சல் போடும் கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் தாத்தாக்களிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள். என்ஜின் இல்லாத பாய்மர வள்ளத்தில் போன காலத்தில், ராத்திரி கடலில் படுத்திருக்கும்போது பலகைக்கு அடியிலிருந்து ஓங்கில் போடும் சீட்டி அவர்கள் காதில் விழுந்ததுண்டா? எப்படி இருந்ததாம்? போஸ்ட் கார்டு போதும். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் முக்கூடல் டீச்சர்