வீடு எங்கே?

பெண்ஜாதிக்கு விழுப்புரத்தில் உத்தியோகம், புருஷனுக்குச் சென்னையில் உத்தியோகம் என்றால் குடும்பம் எங்கே இருப்பது? "புருஷன் இருக்கும் இடந்தான் வீடு" என்று உடனே சாஸ்திரம் பேச வந்துவிடுகிறார்கள். இதையே கோர்ட்டுகளும் பேசின. புருஷன் கூப்பிட்டால் வேலையை விட்டுப் போகவேண்டியதுதான் என்று 1977-ல் பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். மறு வருஷமே, ஓர் ஆசிரியையின் வழக்கில், வீடு எங்கே என்று தீர்மானிக்கும் உரிமை புருஷனுக்கு மாத்திரம் உண்டென்று எந்தச் சட்டமும் இல்லை என்று டில்லி ஹைகோர்ட்டார் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாள் புருஷனைவிட அதிகச் சம்பளம் வாங்கியவர் என்பது வேறு விஷயம். குறைவாக வாங்கியிருந்தால் மாத்திரம் நியாயம் மாறிவிடுமா?

திண்டிவனத்தில் குடியிருந்தால் அவளுக்கு ரயிலில் சுமார் 37 கிலோமீட்டர், அவனுக்குச் சுமார் 120. "ஐயோ, ஆண்பிள்ளைக்கு எவ்வளவு அலைச்சல்!" என்கிறார்கள். தாம்பரத்தில் குடிவைத்து, விடியுமுன் சோறாக்கிவிட்டு 130 கிலோமீட்டருக்கு மேல் அவள் விழுப்புரம் ஓடவேண்டும் என்றபோது இந்த ஐயோ எங்கே போயிற்று? அலைச்சலைக் கணக்குப் போடுகிறவர்கள் அடுப்படி வேலையையும் சேர்த்துப் போடட்டும் என்றுதான் நாம் கேட்கின்றோம். அவன் சோறாக்கக் கற்றுக்கொண்டால் செங்கற்பட்டைப் பற்றியும் பேசலாம். வாடகைச் சீட்டில் மாத்திரம் இருவர் பேரும் இருக்கட்டும்.