நடு நீரில் நின்ற யந்திரம்

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் எங்கள் கே.ஜி.கண்டிகையும் தணிகை மலையும் இருக்கின்றன. கிழக்குக் கோடியில் பழவேற்காட்டு ஏரியும் வங்கக் கடலும். மாவட்டம் ஒன்றேயாயினும், மலைப்பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கடல் என்பது பூகோளப் படத்தில் நீல வர்ணம் பூசிய இடந்தான். ஆகவே, இந்த வாரம் நேயர்களைச் சற்று நீர்ப்பக்கம் அழைத்துச் செல்ல உத்தேசம்.

கொச்சியில், போல்காட்டித் தீவில், பாய்மர உல்லாசப் படகுகள் தங்குவதற்கென்றே ஒரு துறை அமைத்திருக்கிறார்கள். தேசாந்தரம் சுற்றும் படகுக்காரர்களுக்கு அது ஒரு சத்திரம் போன்றது. குடிநீர் பிடிப்பதும், துணி உலர்த்துவதும், கிழிந்த பாயைத் தைப்பதும் இத்தகைய துறைகளின் நித்திய கருமங்கள். துறையில்லாத இடங்களிலோ, படகை ஆழத்தில் நங்கூரமிட்டு, சிறு தோணியில்தான் கரைக்கு வரவேண்டும். தோணியின் பின்புறத்தில் மாட்டிய யந்திரம் நின்றால், அன்றைய சமையலும் நின்றுவிடும்!

'அவுட்போர்டு மோட்டார்' எனப்படும் இதனை, நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-இல் விற்கத் தொடங்கிப் பிரசித்தமாக்கினார். இன்று நம் கடற்கரை மீனவர் பலருக்கும் இது பழகிய பொருள்.

யந்திரம் முரண்டு பிடித்தால், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோவதில் பயனில்லை. முறையாக விசாரிக்க வேண்டும். அவசர நிறுத்தக் கயிறு தன் இடத்தில் மாட்டியிருக்கிறதா? பெட்ரோல் தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? உள்ளே காற்றுப் புகாவிட்டால் எண்ணெய் சரியாக வராது. பிளக்கில் கரியோ ஈரமோ படிந்திருக்கிறதா? கார்புரேட்டரின் நுண்துளையைப் பழைய பெட்ரோலின் பிசின் அடைத்திருக்கிறதா? ஓடத் தொடங்கிய பின்னும் ஒரு கேள்வி உண்டு: பக்கவாட்டில் நீர்த்தாரை பீச்சுகிறதா? இல்லையெனில், சூட்டைத் தணிக்கும் நீர் உள்ளே ஏறவில்லை என்று கொண்டு உடனே நிறுத்திவிட வேண்டும். கடல் நீரில் ஓடிய யந்திரத்தை நன்னீரால் உட்புறம் அலசுவதும் அவசியம், உப்பு அரித்துவிடும்.

இவ்வளவும் நமக்கெதற்கு என்று கேட்கலாம். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, கப்பல் விடுவதோடு நில்லாமல், கப்பலோட்டவும் கட்டவும் சுதேசிகளுக்குக் கற்பிப்பதையும் அதன் நோக்கங்களுள் சேர்த்தார். பொருளை வாங்குவது பாதி சுதந்திரம்; அதைப் பழுது பார்க்கக் கற்பதே மறுபாதி.

கடற்படை அதிகாரிகளான தில்னா, ரூபா என்னும் இரு பெண்மணிகள், கோவாவில் கட்டிய 'தாரிணி' பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதத்தில் திரும்பினர். ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர். படகில் மூன்றாவது ஆள் கிடையாது. நடுக்கடலில் எது பழுதானாலும் அவர்கள் கைகளே துணை.

நம் பிள்ளைகளோ யந்திரத்தின் பாகங்களைப் படம் வரைந்து, பெயரெழுதி, நூற்றுக்கு நூறு வாங்குகிறார்கள். மிதிவண்டிச் சங்கிலி கழன்றால் கடைக்காரரைத் தேடுகிறார்கள். கையில் மசி படுவது கௌரவக் குறைவென்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நாமல்லவா? பள்ளிதோறும் ஒரு பழைய யந்திரமும் ஒரு ஸ்பானர் பெட்டியும் இருக்கட்டும். வீட்டில் அடுத்த முறை ஏதேனும் பழுதானால், அண்ணனை மட்டும் அழைக்காமல் தங்கையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.