கறுப்புச் சேற்றை நிரப்பாதீர்கள்

கல்முனையிலிருந்து சவளக்கடைக்குப் போகும் வீதி கிட்டங்கியில் வாவியைக் கடக்கிறது. மாரி வெள்ளத்தில் தாம்போதி மூழ்கினால் போக்குவரத்து நின்றுபோகும், பத்திரிகையில் படமும் வரும். வெள்ளம் வடிந்த பின் கரையோரம் கிடக்கும் கறுத்த சேற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாறுகிறது, நுளம்பு பெருகுகிறது, மண் போட்டு நிரப்பினால் நாலு வீடாவது எழும்பும் என்பதுதான் அதைப் பற்றி ஊரில் உள்ள அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் பிழையானது.

சேற்றைக் கத்தியால் வெட்டி எடுத்துப் பாருங்கள். மேலே சில மில்லிமீற்றர் தடிப்பில் பழுப்பு நிறம், அதன் கீழே சாம்பல், அதற்கும் கீழே கறுப்பு. ஒட்சிசன் அந்தப் பழுப்புப் படையோடு தீர்ந்துவிடுகிறது. கீழே இருப்பவை ஒட்சிசன் இல்லாமலே வாழும் பற்றீரியாக்கள். ஒரு கிராம் சேற்றில் அவை நூறு கோடிக்குக் குறையாமல் இருக்கக்கூடும். ஒரு கூட்டம் நைத்திரேற்றைக் கொண்டு சுவாசிக்கிறது, இன்னொன்று இரும்பைக் கொண்டு, அடுத்தது கடல்நீரிலுள்ள சல்பேற்றைக் கொண்டு. கூழ்முட்டை நாற்றம் இந்தக் கடைசிக் கூட்டம் வெளிவிடும் ஐதரசன் சல்பைட்டின் நாற்றம். அது இரும்போடு சேர்வதால் சேறு கறுக்கிறது. வெட்டிய துண்டைக் காற்றுப்பட வைத்தால் கறுப்பு மெல்ல மெல்லப் பழுப்பாகும். உவர்நிலச் செடியின் வேரைச் சுற்றித் துருப்பிடித்த உறைபோல் தெரிவதும் இதே மாற்றத்தால்தான். செடி தன் வேர்வழியே கசியவிடும் ஒட்சிசன் அங்கே இரும்பைத் துருவாக்குகிறது.

சல்பேற்றில் வாழும் இந்த உயிர்களை 1895ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்தின் பெய்யரிங்க் இனங்கண்டார். கரையோரச் சேற்றில் சேதனப் பொருள் சிதைவதில் ஏறத்தாழப் பாதி இவற்றின் வேலை என்று டென்மார்க்கின் யோர்கன்சன் 1982இல் காட்டினார். 2012இல் அதே நாட்டு ஆய்வாளர்கள் இன்னும் வியப்பான ஒன்றை வெளியிட்டார்கள்: சென்ரிமீற்றர் கணக்கில் நீண்டு, ஆழத்திலுள்ள சல்பைட்டிலிருந்து இலத்திரன்களை மேலேயுள்ள ஒட்சிசனுக்குக் கடத்தும் இழைப் பற்றீரியாக்கள். காலடியில் கிடக்கும் சேற்றுக்குள் மின்னோட்டம்!

நமக்கு நெருக்கமான சங்கதி நைதரசன். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. பொதுவாக நெற்பயிர் எடுத்துக்கொள்வது அதில் பாதிக்கும் குறைவு. மிச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போகிறது, இன்னொரு பங்கு வடிச்சலோடு வாய்க்காலுக்கும் வாவிக்கும் போகிறது. அம்பாறை மாவட்டத்தின் வயற்பரப்பை நினைத்தால் இது சின்னக் கணக்கல்ல. அதில் நைத்திரேற்றாக மாறுவதைத் தீங்கற்ற நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புவது சேற்றுப் பற்றீரியாக்கள். பாடப்புத்தகத்தில் இதன் பெயர் நைதரசனிறக்கம். மாநகர சபை காசு கொடுத்துச் செய்ய வேண்டிய சுத்திகரிப்பு இது. நமக்கோ காசில்லாமல் நடக்கிறது.

ஆனால் சேற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் கரையில் ஓர் உவர்ச்சதுப்பு நிலத்துக்கு ஒன்பது ஆண்டுகள் மிகையாக நைத்திரேற்று ஊட்டிப் பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவு கவலைக்குரியது. புல்லின் மேற்பாகம் செழித்தது, நிலத்தைப் பிடித்து வைக்கும் வேர் குறைந்தது, சிதைவு கூடியது, ஓடைக்கரைகள் வெடித்துச் சரிந்தன. எனவே சேறு பார்த்துக்கொள்ளும் என்று வயலில் உரத்தை அள்ளிக் கொட்டவும் முடியாது. 2021இல் அரசு ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தியதன் நாசத்தை இந்த மாவட்டம் அனுபவித்தது. அந்தத் தவறு, அளவறிந்து இடுவதற்கு எதிரான நியாயமாகிவிடக் கூடாது.

உப்பும் முக்கியம். சல்பேற்று தாராளமாக உள்ள சேற்றில் மெதேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் பின்தங்கிவிடுகின்றன. உவர்நீரின் வரத்து அடைபட்டால் அவை தலைதூக்கும். கிட்டங்கியில் ஆற்றுவாழை வந்து நீரோட்டத்தை அடைத்துக்கொள்வதைப் பார்க்கிறோம். அது அழுகித் தாழும்போது நீரிலுள்ள ஒட்சிசனையும் தின்றுவிடுகிறது. அங்கே பாலம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை, நானும் அதன் பக்கம்தான். ஆனால் தூண்களின் மேல் நிற்கும் பாலம் வேண்டும். நீரை மறிக்கும் மண்ணணை வேண்டாம்.

நிரப்புவோரை மட்டும் குற்றம் சொல்லி முடிக்கவும் மனம் ஒப்பவில்லை. சுனாமிக்குப் பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். ஏற்கெனவே நெருக்கியடித்து வாழும் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது மக்கள் மேற்கே வயலையும் சதுப்பையும் பார்க்காமல் என்ன செய்வார்கள்? காணிப் பிரச்சினைக்கு அரசு விடை சொல்லத்தான் வேண்டும். அதற்குச் சேற்றை விலையாகக் கொடுப்பது கெட்ட வியாபாரம். சல்பைட்டுச் செறிந்த சேற்றைத் தோண்டி உலரவிட்டால் அந்தச் சல்பைட்டு சல்பூரிக்கமிலமாக மாறி மண்ணையும் கிணற்றையும் கெடுக்கக்கூடும். நிரப்பினாலோ, அடுத்த மாரியின் வெள்ளம் வீட்டுக்குள் வந்து இடம் கேட்கும்.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதைத் தடுக்கிறது. உவர்ச்சேற்று நிலத்துக்கும் அதே அளவு தெளிவான காப்பு வேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் பக்கத்தில் சம்மாந்துறையிலேயே இருக்கிறது. பெரும்போகத்தில் ஒருமுறை, சிறுபோகத்தில் ஒருமுறை கிட்டங்கிச் சேற்றின் நைத்திரேற்றையும் சல்பைட்டையும் தொடர்ந்து அளக்கும் பொறுப்பை அந்தப் பீடம் ஏற்கட்டும். பிரதேச செயலகங்களும் மாநகர சபையும் அந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கட்டும். அதுவரை ஒரு டிப்பர் மண்ணுக்கும் அனுமதி கொடுக்க வேண்டாம்.