சி.என்.சி மெஷின் ரெடி... எந்த சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பது?

அலுமினியச் சட்டம் பூட்டியாகிவிட்டது. மூன்று ஸ்டெப்பர் மோட்டார்களும் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. ஸ்விட்சைப் போட்டால் ஸ்பிண்டில் 'விர்'ரென்று சுற்றுகிறது. ஆனால், ஒரு சின்னப் பெயர்ப் பலகையைக்கூட மெஷின் வெட்டித் தரவில்லை. வீட்டிலேயே சி.என்.சி மெஷின் செய்பவர்கள் பலரும் வந்து நிற்கும் இடம் இதுதான்.

இரும்புக்கும் மோட்டாருக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்பவர்கள், சாஃப்ட்வேரை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். பிறகு, யாரோ சொன்ன ஒன்றை இறக்கிக்கொள்கிறார்கள். அது மெஷினில் இருக்கும் போர்டுடன் பேசாது. பேசினாலும், 100 மில்லிமீட்டர் நகரச் சொன்னால் 125 மில்லிமீட்டர் நகரும். டூல் பிட் இரண்டு உடைந்ததும், கல்லூரி புராஜெக்ட்டுக்காகவோ, மாதம் கொஞ்சம் வருமானம் வரட்டும் என்றோ செய்த மெஷின், மூலையில் துணி மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

இதைத் தவிர்க்க ஒரே ஒரு வழிமுறை போதும். சாஃப்ட்வேரைக் கடைசியிலிருந்து முதலுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்று வேலை, மூன்று சாஃப்ட்வேர்

தையல்காரரின் வேலையை நினைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். முதலில் சட்டை எப்படி இருக்க வேண்டும் என்று அளவோடு வரைகிறார். அடுத்து, துணியில் எங்கே தொடங்கி எந்த வழியாக வெட்டுவது என்று கோடு போடுகிறார். கடைசியாக, கத்தரியைக் கையில் எடுக்கிறார்.

சி.என்.சி-யிலும் இதே மூன்றுதான். படம் வரைவது 'கேட்'. டூல் எந்தப் பாதையில், எவ்வளவு ஆழத்தில், என்ன வேகத்தில் போக வேண்டும் என்று கணக்குப் போடுவது 'கேம்' (விளையாட்டு கேம் அல்ல!). அந்தக் கணக்கை 'ஜி-கோடு' என்ற கட்டளை வரிகளாக எழுதிக் கொடுப்பதும் இதன் வேலையே. அந்த வரிகளைப் படித்து மோட்டார்களை நகர்த்துவது கன்ட்ரோல் சாஃப்ட்வேர்.

பெரும்பாலானோர் படம் வரையும் சாஃப்ட்வேரில் தொடங்குகிறார்கள். ஆனால், மெஷினில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் போர்டுதான் மற்ற இரண்டையும் தீர்மானிக்கிறது.

முதலில் கன்ட்ரோல்

வீட்டு மெஷின்களில் அதிகம் பார்க்கக்கூடியது ஜி.ஆர்.பி.எல். 2009-ல் தொடங்கிய இலவச, ஓப்பன் சோர்ஸ் திட்டம் இது. ஆர்டுயினோ ஊனோ போன்ற சின்ன போர்டிலேயே ஓடி, மூன்று அச்சுகளை இயக்கும். 30 செ.மீ-க்கு 18 செ.மீ அளவில் கிட்டாக விற்கும் '3018' மெஷின்களிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. ஜி-கோடு வரிகளை லேப்டாப்பிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்ப, யுனிவர்சல் ஜி-கோடு சென்டர், கேண்டில் போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் உண்டு. முதல் மெஷின் என்றால் இந்த வழியே போதுமானது.

வீட்டில் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால், லினக்ஸ் சி.என்.சி இன்னொரு வாய்ப்பு. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் உருவான திட்டத்திலிருந்து வளர்ந்தது. இலவசம், திறன் அதிகம். ஆனால், லினக்ஸ் பழக வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் நேரம் தவறாமல் கட்டளை அனுப்புகிறதா என்று, கூடவே வரும் 'லேட்டன்சி' சோதனையில் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

மாக்-3 விண்டோஸில் ஓடும் பழைய பெயர். பணம் கட்டாத பதிப்பு 500 வரிகளுக்கு மேல் ஜி-கோடை ஓட்டாது. ஒரு பூ வேலைப்பாட்டுக்கே ஆயிரக்கணக்கான வரிகள் வரும். தவிர, பழைய பிரின்டர் போர்ட் வழியாக மெஷினை இயக்கும் இதன் டிரைவர், 64-பிட் விண்டோஸில் வேலை செய்யாது. புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் யூ.எஸ்.பி அல்லது நெட்வொர்க் கன்ட்ரோலர் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்து கேம்

எல்லா கன்ட்ரோலருக்கும் ஜி-கோடுதான் மொழி என்றாலும், ஊருக்கு ஊர் பேச்சு மாறுவதுபோல இதிலும் வட்டார வழக்கு உண்டு. உதாரணமாக, 'டூலை மாற்று' என்பதற்கான கட்டளை எம்6. ஆர்டுயினோவில் ஓடும் ஜி.ஆர்.பி.எல்-க்கு இந்தக் கட்டளை தெரியாது. அந்த வரி வந்ததும் 'எரர்' காட்டும். பல துளைகளை ஒரே கட்டளையில் போடச் சொல்லும் ஜி81-க்கும் இதே கதிதான்.

இந்த வழக்கு வித்தியாசத்தைச் சரிசெய்து எழுதித் தருவதுதான் 'போஸ்ட் புராசஸர்'. எனவே, ஒரு கேம் சாஃப்ட்வேரைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'நம் போர்டுக்கான போஸ்ட் புராசஸர் இதில் இருக்கிறதா?' என்பதே. ஃப்ரீகேட், ஃபியூஷன் இரண்டிலும் ஜி.ஆர்.பி.எல், லினக்ஸ் சி.என்.சி, மாக்-3 ஆகிய மூன்றுக்குமே இருக்கிறது.

இன்னொன்று, அலகு. ஜி21 என்றால் மில்லிமீட்டர், ஜி20 என்றால் இன்ச். இது மாறிவிட்டால் அளவு 25.4 மடங்கு தப்பும். உருவான ஜி-கோடு கோப்பைத் திறந்து, முதல் சில வரிகளில் ஜி21 இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

கடைசியாக டிசைன்

பெயர்ப் பலகை, கோல வடிவம், பூஜையறைக் கதவுக்கான ஜாலி போன்ற தட்டையான வேலைகளுக்கு இங்க்ஸ்கேப் போதும். பெட்டி, கியர் என்று அளவு பிசகக் கூடாத பொருள்களுக்கு ஃப்ரீகேட் பொருத்தம். அதிலேயே கேம் பகுதியும் இருக்கிறது. பல ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு, அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளியானது. இரண்டுமே இலவசம்.

தமிழில் பெயர் செதுக்குபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தெரியாத டிசைன் சாஃப்ட்வேர்கள் உண்டு. அவற்றில் ஒற்றைக் கொம்பும் கால்வாங்கியும் இடம் மாறி விழும். யூனிகோட் எழுத்துருவில் இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, பிறகு 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்தால் எழுத்து வெறும் கோடாக மாறிவிடும். அதன்பின் எந்த கேம் சாஃப்ட்வேரில் திறந்தாலும் 'கோமதி' கோமதியாகவே இருப்பார்.

இலவசத்திலும் நிபந்தனை உண்டு

ஆட்டோடெஸ்க்கின் ஃபியூஷன், பயன்படுத்த வசதியானது. தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம். ஆனால், 2020-ல் இந்த இலவசப் பதிப்பின் வசதிகளை நிறுவனம் குறைத்தது. ஒரே நேரத்தில் 10 கோப்புகளை மட்டுமே திருத்தக்கூடிய நிலையில் வைத்திருக்கலாம். வெட்டாத இடத்தில் டூல் வேகமாகத் தாவும் வசதி எடுக்கப்பட்டது. தானாக டூல் மாற்றும் வசதியும் போனது. விற்பனைக்குப் பொருள் செய்பவர்கள், இலவச உரிமம் தங்களுக்குப் பொருந்துமா என்று நிபந்தனைகளைப் படிப்பது அவசியம்.

எந்த சாஃப்ட்வேரானாலும், முடித்த டிசைனை எஸ்.வி.ஜி, டி.எக்ஸ்.எஃப் அல்லது ஸ்டெப் கோப்பாகவும் சொந்த கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும். நாளைக்கு விதிமுறை மாறினாலும், உழைத்து வரைந்தது கையில் இருக்கும். ஜி-கோடை மட்டும் வைத்திருந்தால் போதாது. பலகை 2 செ.மீ பெரிதாக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், மூல டிசைன் இல்லாமல் திணற வேண்டியிருக்கும். 'கிராக்' செய்த சாஃப்ட்வேரை ஏற்றுவது வைரஸை வீட்டுக்கு அழைப்பதற்குச் சமம்.

வெட்டுவதற்கு முன்...

* அளவுக் கணக்கு: மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் 8 மைக்ரோஸ்டெப் வைத்தால் 1,600. திருகுத் தண்டு ஒரு சுற்றில் 8 மி.மீ நகர்த்தினால், ஒரு மி.மீ-க்கு 200 ஸ்டெப். ஜி.ஆர்.பி.எல்-ல் ஆரம்பத்தில் இருப்பது 250. அதை மாற்றாமல் விட்டால்தான் 100 மி.மீ, 125 மி.மீ ஆகிறது.

* காற்றில் ஒத்திகை: புதிய கோப்பை முதல் முறை ஓட்டும்போது, டூலை மரத்துக்கு மேலே உயர்த்தி வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். தப்பான பாதை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

* லேப்டாப் தூங்கக் கூடாது: ஆர்டுயினோ போர்டால் சில வரிகளைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும். லேப்டாப் பாதியில் 'ஸ்லீப்' போனால் நகர்வு நின்றுவிடும், ஸ்பிண்டில் மட்டும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். மரம் கருகும், தீப்பற்றவும் வாய்ப்பு உண்டு.

* சிவப்பு பட்டன்: திரையில் இருக்கும் 'ஸ்டாப்' பட்டனை மட்டும் நம்பக் கூடாது. சாஃப்ட்வேர் உறைந்துவிட்டால் அதுவும் உறைந்துவிடும். ஸ்பிண்டிலுக்கும் மோட்டார்களுக்கும் போகும் மின்சாரத்தையே துண்டிக்கும் எமர்ஜென்சி ஸ்விட்ச், கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது இன்னும் முக்கியம்.

ஜி.ஆர்.பி.எல் போர்டு, ஒரு சென்டர், ஃப்ரீகேட், இங்க்ஸ்கேப். சாஃப்ட்வேருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் முதல் பலகையை வெட்ட இவை போதும். பணம் கட்டும் சாஃப்ட்வேர் தேவையா என்பதை, பத்துப் பதினைந்து பலகைகள் வெட்டிய பிறகு முடிவு செய்துகொள்ளலாம். முதல் பலகைக்குத் தேக்கு வேண்டாம், தெர்மாகோல் துண்டு போதும்!