பால் வண்டி டெண்டர்: தலித் உரிமையாளருக்குக் கதவு எங்கே அடைபடுகிறது?

விடியற்காலையில் கிராமத்துப் பால் சங்கத்தின் முன் வந்து நிற்கும் ரூட் வண்டியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேன்களை ஏற்றிக்கொண்டு அது குளிரூட்டும் நிலையம் போகும். அங்கிருந்து டேங்கர் லாரியில் பால் நகரத்துப் பண்ணைக்குப் போகும். இந்த வண்டிகளில் ஸ்டீயரிங் பிடிக்கவும் கேன் தூக்கவும் தலித் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் பால் ஏற்றும் ஒப்பந்தத்தில் உரிமையாளராகக் கையெழுத்துப் போட அவர்களில் எத்தனை பேரால் முடிகிறது?

பாலுக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பு புதிதல்ல. 2001-02இல் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த ஆய்வு, தலித்துகள் பால் சங்கத்தில் பால் ஊற்ற முடியாத ஊர்கள் இருப்பதைப் பதிவு செய்தது. ஊற்றுவதில் இருக்கும் அந்தத் தடை வெளிப்படையாகத் தெரிகிறது. ஏற்றிச் செல்வதில் வரும் தடையோ டெண்டர் நிபந்தனை என்ற பெயரில் வருகிறது.

‘இத்தனை ஆண்டு முன் அனுபவம் வேண்டும், இவ்வளவு ஆண்டு வரவு செலவு வேண்டும், இத்தனை சொந்த வண்டி வேண்டும்’ என்று ஒரு டெண்டர் கேட்டால், கடன் வாங்கி முதல் வண்டி எடுத்தவர் அங்கேயே நின்றுவிடுவார். நிபந்தனையில் சாதிப் பெயர் இருக்காது. விளைவில் மட்டும் இருக்கும்.

இதை எதிர்த்து நீதிமன்றம் போனால் என்ன ஆகும்? உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். இரண்டும் பால் வழக்குகள் அல்ல; ஆனால் அவை சொன்ன விதி அரசு சார்ந்த எல்லா டெண்டருக்கும் பொருந்தும்.

முதலாவது, 1979இல் வந்த ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு. விமான நிலைய உணவக டெண்டரில் 5 ஆண்டு அனுபவம் கேட்டுவிட்டு, அது இல்லாதவருக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். தான் வகுத்த நிபந்தனையைத் தானே மீற அரசு அமைப்புக்கு உரிமை இல்லை என்றது நீதிமன்றம். ஆனாலும் அந்த ஒப்பந்தம் ரத்தாகவில்லை. வழக்குப் போட்டவர் தாமதமாக வந்தது அதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது, 2004இல் வந்த எஜுகாம்ப் வழக்கு. டெல்லி அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்விக்கான டெண்டரில் 20 கோடி ரூபாய் வரவு செலவு காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உயர் நீதிமன்றம் நீக்கியது. உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் நிலைநிறுத்தியது. என்ன நிபந்தனை வைப்பது என்பது டெண்டர் விடுபவரின் முடிவு. அது தன்னிச்சையாகவோ உள்நோக்கத்தோடோ இருந்தால் மட்டுமே நீதிமன்றம் தலையிடும் என்பதுதான் நிலை.

ஆக, நிபந்தனை மீறப்பட்டால் வழக்கில் வலு உண்டு. நிபந்தனையே நம்மை ஒதுக்குகிறது என்றால் வலு குறைவு. அந்தச் சண்டையைச் சட்டம் இயற்றும் இடத்தில்தான் போட வேண்டும். கர்நாடகா அப்படித்தான் செய்தது. குறிப்பிட்ட மதிப்புக்கு உட்பட்ட அரசு கட்டுமானப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் ஒதுக்கிச் சட்டத்தைத் திருத்தியது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடி சிறு தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்ற கொள்கை 2012 முதல் இருக்கிறது. பால் ஏற்றும் வழித்தடங்களிலும் இப்படி ஒரு பங்கை எழுதி வைக்கச் சொல்லி நம் ஊர் அமைப்புகள் கேட்க வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருந்தும் டெண்டர்களில், முடிவு உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். சாதியைக் காரணமாக வைத்து ஒப்பந்த வாய்ப்பை மறுத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த ‘பொருளாதாரப் புறக்கணிப்பு’ என்ற குற்றம் இருக்கிறது. ஒப்பந்த வாய்ப்புகளை மறுப்பதும் அதன் விளக்கத்தில் அடங்கும்.

இவை எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். டெண்டர் அறிவிப்பு, கட்டணரசீது, நிராகரிப்புக் கடிதம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழியாக ‘இல்லை’ என்றால் எழுத்தில் கேளுங்கள். படித்த பிள்ளைகள் ஊரில் வண்டி வைத்திருக்கும் அண்ணன்களுக்கு இந்த உதவியைச் செய்யலாம். பத்து நாள் சீக்கிரம் ஓடிவிடும்.