ஆஸ்திரேலியத் தேர்தலும் டேலி ஆன ட்ரையல் பேலன்ஸும்

இந்தூரில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்திரேலியத் தேர்தலைப் பற்றி எழுத உனக்கு என்னய்யா தகுதி என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். அரசியல் விஞ்ஞானமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக, அடுத்தவர் எழுதிக் கொண்டுவந்து நீட்டும் கணக்கை வாங்கி எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. இந்தப் பதிவுக்கு அது போதும்.

2025 மே 3-ம் தேதி அங்கே தேர்தல். லேபர் கட்சி 150 சீட்டில் 94 பிடித்தது. எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். மெல்பர்னில் இருக்கும் என் காலேஜ் நண்பன் உடனே மெசேஜ் அனுப்பினான்: "பாத்தியா மாப்ள, சர்வேக்காரன்லாம் இந்தத் தடவை கரெக்டா சொல்லிட்டான்." அவன் மட்டுமில்லை. 2019-ல் மானம் போன கருத்துக் கணிப்பு நிறுவனங்கள் மீண்டு வந்துவிட்டன என்று நிறையப் பேர் பேசுகிறார்கள்.

இல்லை மாப்ள. ஜெயிக்கிற கட்சியின் பெயரைச் சொன்னார்கள், அவ்வளவுதான். கணக்கு சரியாக வரவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அங்கே ஓட்டுப் போடும் முறையைப் பார்த்துவிடுவோம். கீழ்சபைத் தேர்தலில் ஒரு பெயருக்கு மட்டும் குத்திவிட்டு வர முடியாது. எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3 என்று வரிசை போட வேண்டும். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால், கடைசி ஆளைக் கழித்துவிட்டு அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பப்படி பிரித்துக் கொடுப்பார்கள். இப்படிக் கழித்துக் கழித்து கடைசியில் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். நாடு முழுக்க லேபர் ஒரு பக்கம், லிபரல்-நேஷனல் கூட்டணி ஒரு பக்கம் என்று வைத்துச் சொல்லும் சதவீதம்தான் பேப்பரில் கொட்டை எழுத்தில் வரும். அதை இறுதிக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் விருப்ப ஓட்டு என்பது பேரேடு. இறுதிக் கணக்கு என்பது ட்ரையல் பேலன்ஸ்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதாலேயே கணக்கு சரி என்று ஆகிவிடாது. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டியிருக்கலாம். இப்போது மூன்று தேர்தலை வரிசையாக வைத்துப் பார்ப்போம். அங்கே அதிகம் பேர் மதிக்கும் நியூஸ்போல் கணிப்பின் கடைசி எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2019: இறுதிக் கணக்கில் லேபருக்கு 51.5 என்றது நியூஸ்போல். வந்தது 48.5. மூன்று புள்ளி தப்பு. முதல் விருப்பத்தில் லேபருக்கு 37 என்றார்கள், வந்தது 33.3. கூட்டணிக்கு 38 என்றார்கள், வந்தது 41.4. லேபர்தான் வரப்போகிறது என்று ஸ்போர்ட்ஸ்பெட் என்ற பந்தயக் கம்பெனி, ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பே லேபர் மேல் கட்டியவர்களுக்கு 13 லட்சம் டாலர் பட்டுவாடா செய்துவிட்டது. ஸ்காட் மாரிசன் 77 சீட்டோடு திரும்பி வந்தார்.

2022: இறுதிக் கணக்கில் லேபருக்கு 53 என்றார்கள். வந்தது 52.1. ஆகா, பிரமாதம் என்றார்கள் எல்லோரும். பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள். முதல் விருப்பத்தில் லேபருக்கு 36 என்றார்கள், வந்தது 32.6. 2019-ல் விட்ட அதே அளவு ஓட்டை. ஆனால் அந்த ஓட்டுகள் கிரீன்ஸ், சுயேச்சைகள் என்று போய், விருப்ப வரிசையில் பெரும்பகுதி லேபருக்கே திரும்பி வந்தன. தப்பைத் தப்பு சரிக்கட்டியது. ட்ரையல் பேலன்ஸ் டேலி. எல்லோரும் கைதட்டினார்கள்.

2025: இறுதிக் கணக்கில் லேபருக்கு 52.5 என்றார்கள். வந்தது 55.2. தப்பு 2.7 புள்ளி. முதல் விருப்பத்தில் கூட்டணிக்கு 34 என்றார்கள், வந்தது 31.8.

2019-ல் 3 புள்ளி தப்பு, விசாரணைக் கமிட்டி போட்டார்கள். 2025-ல் 2.7 புள்ளி தப்பு, மாலை போடுகிறார்கள். எங்கள் பேங்கில் கேஷ் மூவாயிரம் குறைந்தாலும் விளக்கம் கேட்பார்கள், மூவாயிரம் கூடினாலும் விளக்கம் கேட்பார்கள். கூடுதலாக இருக்கிறது என்பதற்காக எந்த இன்ஸ்பெக்டரும் கேஷியரைப் பாராட்டிவிட்டுப் போனதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 2025-ல் அதே 2.7 புள்ளி தப்பு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால்? 52.5-ல் 2.7 கழித்தால் 49.8. லேபர் பெரும்பான்மை இழந்திருக்கலாம், ஆட்சியே கூடப் போயிருக்கலாம். அப்போது 2019 மறுபடியும் என்று அலறியிருப்பார்கள். செய்த வேலை அதே வேலை, தப்பின் அளவும் அதே அளவு. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது மட்டும்தான் வித்தியாசம். இதற்குப் பெயர் திறமை இல்லை சாமி, அதிர்ஷ்டம்.

"சாம்பிள் எடுத்தால் இரண்டு மூன்று புள்ளி முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்" என்று பதில் வரும். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்த முன்னே பின்னே எங்கே? 2019 பிரச்சாரத்தின்போது வந்த 16 கணிப்புகளும் லேபருக்கு 51, 52 என்று ஒரே குரலில் பாடின. பிரையன் ஷ்மிட் என்று ஒருவர், 2011-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர், அப்போது ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: ஆட்களை உண்மையிலேயே குருட்டாம்போக்கில் பொறுக்கியிருந்தால் 16 கணிப்புகள் இவ்வளவு நெருக்கமாக வருவதற்கு வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு.

நம் ஊர் பாஷையில் சொன்னால், 16 பிராஞ்சும் வாராக்கடன் சரியாக 2.1 சதவீதம் என்று ரிப்போர்ட் அனுப்பினால் ஹெட் ஆபீஸ் சந்தோஷப்படாது, அன்று ராத்திரி ரயிலிலேயே இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் அனுப்பும். பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதினார்களா என்று 2020 நவம்பரில் வந்த விசாரணை அறிக்கையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எடுத்த சாம்பிளே வாக்காளர்களைப் பிரதிபலிக்கவில்லை, அதைச் சரியாக ஈடுகட்டவும் இல்லை என்று மட்டும் தெளிவாகச் சொன்னது. அதிகம் படித்தவர்கள், அரசியலில் ஆர்வம் உள்ளவர்கள் சாம்பிளில் கூடுதலாக வந்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் உலகத்திலேயே கணிப்பதற்கு வசதியான நாடுகளில் ஆஸ்திரேலியா ஒன்று. அங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம். 1924-ல் சட்டம் போட்டார்கள். போடாவிட்டால் 20 டாலர் அபராதம். பதிவு 90 சதவீதத்துக்கு மேல். யார் வருவார்கள், யார் வீட்டில் இருப்பார்கள் என்ற தலைவலி அமெரிக்கக் கணிப்பாளர்களுக்கு உண்டு, இவர்களுக்கு இல்லை. அந்தச் சலுகை இருந்தும் இந்த மார்க்.

சரி, தப்பாகச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும், பொழுதுபோக்குதானே என்பார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

2015 செப்டம்பரில் டோனி அபாட் என்ற பிரதமரைச் சொந்தக் கட்சிக்காரர் மால்கம் டர்ன்புல் இறக்கினார். சொன்ன காரணங்களில் ஒன்று, தொடர்ந்து 30 நியூஸ்போல் கணிப்பில் பின்தங்கிவிட்டோம் என்பது. 2018 ஏப்ரலில் டர்ன்புல்லுக்கும் அதே 30 வந்தது. ஆகஸ்டில் அவரையும் இறக்கிவிட்டார்கள். அதற்கு ஒன்பது மாதம் கழித்து வந்த தேர்தலில், இதே அளவுகோல் மூன்று புள்ளி தள்ளிக் காட்டுகிறது என்று தெரிந்தது! அந்த முப்பதுகளில் எத்தனை உண்மையிலேயே பின்தங்கியவை என்று இனி யாராலும் சரிபார்க்க முடியாது. அந்த நாட்களில் தேர்தல் நடக்கவில்லையே. முத்திரை போடாத தராசில் நிறுத்து ஒரு நாட்டின் பிரதமர் வேலையை விட்டு எடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது கொள்கை. அங்கே கம்பெனி ஏற்கெனவே வரி கட்டிய டிவிடெண்டுக்குப் பங்குதாரருக்கு வரவு உண்டு. அவருக்குக் கட்டவேண்டிய வரியே இல்லையென்றால் அந்த வரவு ரொக்கமாகக் கைக்கு வரும். ரிட்டயர் ஆன பல பேர் அதை நம்பி இருப்பவர்கள். 2019-ல் லேபர் தலைவர் பில் ஷார்ட்டன் அந்த ரொக்கத்தை நிறுத்துவேன், வாடகை வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கும் சலுகையைப் புது வீடுகளுக்கு மட்டும் என்று சுருக்குவேன் என்று சொன்னார். கொள்கை நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆனால் ஜெயிப்பு நிச்சயம் என்று எல்லோரும் சொல்லும்போது ஒரு கட்சிக்கு எவ்வளவு தைரியம் வரும், பதறுகிற பென்ஷன்காரர் குரல் எவ்வளவு காதில் விழும் என்று யோசியுங்கள். தோற்ற பிறகு அந்தத் திட்டங்களைக் கைவிட்டுத்தான் 2022 தேர்தலுக்கே போனார்கள். 2019 மே 20, தேர்தல் முடிந்த திங்கட்கிழமை, அங்கே நான்கு பெரிய பேங்க் பங்குகளும் 6 சதவீதத்துக்கு மேல் எகிறின. கணிப்பை நம்பி, பயந்து, வெள்ளிக்கிழமை விற்றவருக்கு யார் பதில் சொல்வது?

அங்கே மட்டுமா? 2024 ஜூனில் நம்மூரில் நடந்ததைப் பார்த்தோமே. எக்ஸிட் போல் எல்லாம் ஆளுங்கூட்டணிக்கு 350, 400 என்றன. ஜூன் 3-ம் தேதி சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல் ஏறியது. மறுநாள் 293-தான் என்றதும் 4,300 புள்ளிக்கு மேல் விழுந்தது. என் பிராஞ்ச் கஸ்டமர் ஒருவர், ரிட்டயர்டு வாத்தியார், டெபாசிட்டை உடைத்து அந்த ஜூன் 3 அன்று ஷேர் வாங்கியவர். பாஸ்புக்கை என் மேஜைமேல் வைத்துவிட்டு அவர் நின்ற நிலையை டிவியில் கிராபிக்ஸ் போடுகிறவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் எண்ண ஆரம்பித்த பிறகே கணிப்பது கஷ்டம். 2025-ல் கோல்ட்ஸ்டீன் தொகுதியில் சுயேச்சை ஜோயி டேனியல் ஜெயித்துவிட்டார் என்று தேர்தல் ராத்திரியே டிவியில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் 175 ஓட்டில் லிபரல் கட்சியின் டிம் வில்சன் ஜெயித்தார். பிராட்ஃபீல்டில் ஒரு லட்சத்துக்கு மேல் பதிவான ஓட்டில் முடிவைத் தீர்மானித்தது 26 ஓட்டு, அதுவும் மறு எண்ணிக்கைக்குப் பிறகு. மூன்றில் ஒரு பங்கு மக்கள் இரண்டு பெரிய கட்சிக்கும் முதல் விருப்பம் தராத நாட்டில், இறுதிக் கணக்கு என்று ஒரே ஒரு எண்ணைப் போட்டு சீட்டு சொல்வது, பார்ட்டியின் முகத்தைப் பார்த்து லோன் சாங்ஷன் செய்வது மாதிரி.

கணிப்பையே தடை செய் என்று நான் சொல்லவில்லை. 2019-க்குப் பிறகு அங்கே கணிப்பு நிறுவனங்கள் ஒரு கவுன்சில் அமைத்து, எப்படிக் கணக்கெடுத்தோம் என்பதை வெளியிட ஆரம்பித்திருக்கின்றன. நல்ல விஷயம், ஆனால் போதாது. அடுத்த தேர்தல் 2028-க்குள் வந்தாக வேண்டும். அப்போது யாராவது எண்ணோடு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, முதல் விருப்ப எண் என்ன? இறுதிக் கணக்கை மட்டும் காட்டினால் பேரேட்டைக் கேளுங்கள்.

இரண்டு, இன்னும் முடிவு செய்யாதவர்களை எங்கே வைத்தாய்? சஸ்பென்ஸ் அக்கவுண்டில் கிடப்பதை இருக்கிற கட்சிகளுக்கு விகிதப்படி பிரித்துவிட்டால் கணக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

மூன்று, போன மூன்று தேர்தலில் எத்தனை புள்ளி தப்பினாய்? யார் ஜெயிப்பார் என்பதில் அல்ல, எத்தனை புள்ளி என்பதில். அந்த எண்ணைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே, அதே கொட்டை எழுத்தில் போடட்டும்.

ஐந்து லட்சம் கடன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட் கேட்கிறோம். ஒரு நாட்டின் ஆட்சியைச் சொல்ல வருகிறவரிடம் மூன்று தேர்தல் கணக்கு கேட்பது அதிகப்படியா?

டிஸ்கி: எனக்கு லேபரும் ஒன்றுதான், லிபரலும் ஒன்றுதான். அங்கே எனக்கு ஓட்டும் இல்லை, ஷேரும் இல்லை. மெல்பர்ன் மாப்ள மட்டும் பின்னூட்டத்தில் வந்து திட்டலாம், அனுமதி உண்டு :-)