சாவி என் பாக்கெட்டில் இருந்தது

குடியை நிறுத்த நம் ஊரில் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. கோயிலில் கயிறு கட்டுவார்கள். பெற்ற குழந்தையின் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்குவார்கள். 'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்பார்கள். அது பலிக்காவிட்டால் 'ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்'. அப்புறம் இருக்கவே இருக்கிறது வாரப் பத்திரிகை விளம்பரம்: குடிப்பவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம், காபியில் கலந்து கொடுங்கள்! (அது எந்தப் பத்திரிகை என்று கேட்காதீர்கள். எனக்கு இங்கேதான் சம்பளம்.)

என் பெரியம்மா மகன் விஷயத்தில் இத்தனையும் செய்து பார்த்தாகிவிட்டது. அண்ணனுக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும். நடுக்கம் நின்றால்தான் பில் எழுத முடியும். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா தலைமையில் குடும்பம் கூடித் தீர்மானம் போட்டது: ஒரு வாரம் மாடி ரூமில் வைத்துப் பூட்டிவிடுவது. சாப்பாடு ஜன்னல் வழியாக. சாவி? 'இவன்கிட்ட குடுங்க. இவன் கல் மனசுக்காரன்.' எழுதிப் பிழைக்கிறவனைப் பற்றி உறவினர்களின் அபிப்பிராயம் அப்படி.

முதல் நாள் பூராவும் வசவு. எங்கள் வம்சத்தில் ஒருவரையும் அண்ணன் விட்டுவைக்கவில்லை. இரண்டாம் நாள் வாந்தி, வியர்வை, கெஞ்சல். 'டேய் தம்பி, ஒரே ஒரு குவார்ட்டர்டா.' நான் அசையவில்லை. 'விஷம் இறங்குது அண்ணி, கவலைப்படாதீங்க' என்று வைத்தியம் வேறு பேசினேன். அன்று ராத்திரி கட்டில் தடதடவென்று ஆடும் சத்தம் கேட்டது. கோபத்தில் உதைக்கிறான் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தால், சுவரில் எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தான். சுவரில் எறும்பே இல்லை. எப்போதோ செத்துப்போன தாத்தாவோடு சரக்கு லோடு பற்றிப் பேசினான். அண்ணியைப் பார்த்து 'யாரும்மா நீ?' என்றான். 'தம்பி, சாவி! சாவி!' என்று அண்ணி அலறியது இன்னும் காதில் இருக்கிறது. பூட்டுத் துவாரத்தில் சாவி நுழையவில்லை. அப்போது கை நடுங்கியது எனக்கு.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, 'கடைசியா எப்ப குடிச்சார்?'

'மூணு நாளா ஒரு சொட்டு கிடையாது சார்' என்றேன், மெடல் வாங்கப் போகிறவன் மாதிரி.

அவர் முகம் மாறியது. 'யாருங்க அப்படித் திடீர்னு நிறுத்தினது?'

நான் ஃபேனைப் பார்த்தேன்.

பிற்பாடு அவரே பொறுமையாக விளக்கினார். மது மூளைக்கு பிரேக் மாதிரி. வருஷக்கணக்காக ஒருத்தர் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால், மூளை சமாளிப்பதற்காக ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பழகிவிடுகிறது. ஒரு நாள் பிரேக்கை மட்டும் பிடுங்கிவிட்டால் வண்டி என்ன ஆகும்? முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். (தடதடத்த கட்டில்!) இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் புத்தி பேதலித்து, இல்லாதது தெரிந்து, காய்ச்சலும் படபடப்புமாக உயிரே போகலாம். தினமும் நிறையக் குடிக்கிறவர் எல்லோருக்கும் இது வராது. ஆனால் யாருக்கு வரும் என்று பூட்டுக்குத் தெரியாது.

அங்கிருந்து போதை மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். வாசலிலேயே பெட்டியைக் கொட்டிச் சோதித்தார்கள். ஷேவிங் லோஷனும் வாய் கொப்பளிக்கும் மருந்தும் பறிமுதல். அதிலும் ஆல்கஹால் இருக்குமாம். ஈரல், சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். பிரேக்குக்குப் பதிலாகத் தற்காலிகமாக மாத்திரை. அதையும் ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுகிறார்கள். கூடவே பி1 வைட்டமின் ஊசி. 'குளுக்கோஸ் ஏத்துங்க சார், தெளிஞ்சிடுவான்' என்றார் பெரியப்பா. அதில்தான் ஆபத்து என்றார்கள். சர்க்கரையை எரிக்க மூளைக்கு பி1 வேண்டும். குடிகாரர் உடம்பில் அது வறண்டு கிடக்கும். அந்த நிலையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். அதனால் முதலில் ஊசி, அப்புறம்தான் பாட்டில்.

எட்டாவது நாள் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டு, இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். 'சரியாயிட்டான், கூட்டிட்டுப் போலாம்' என்று கிளம்பினோம். கவுன்சலர் பெண் சிரித்தாள். 'சார், இனிமேதான் ட்ரீட்மென்ட்டே. இது வரைக்கும் ரூம் பெருக்கினோம்.'

மேலும் மூன்று வாரம். தனியாகப் பேச்சு, கூட்டமாகப் பேச்சு. வீட்டு மனுஷர்களுக்கும் வகுப்பு. 'குடிச்சது அவன், கிளாஸ் எனக்கா?' என்று பெரியப்பா வெளிநடப்பு செய்தார். அண்ணி உட்கார்ந்தார். 'காய்ச்சல்னு ஆபீசுக்குப் போன் பண்ணினது யாரும்மா?' 'நான்தான்.' 'கடை பாக்கியைக் கட்டினது?' 'நான்தான். வேற என்னம்மா பண்றது, வேலை போயிட்டா சோறு?' கவுன்சலர் குற்றம் சொல்லவில்லை. இனி அந்தப் போனை அவரே செய்யட்டும் என்று மட்டும் சொன்னாள். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக யாரோ தன்னைக் கேள்வி கேட்டார்கள் என்று பஸ்சில் அண்ணி சொன்னார்.

சென்னையில் இந்தப் பாணி சிகிச்சைக்கு வழி போட்டவர்களில் ஒருவர் டி.டி.கே. குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன். குடியால் கணவரை இழந்தவர், 1980-ல் அவர் பெயரிலேயே சிகிச்சை அமைப்பை ஆரம்பித்தார். 1992-ல் பத்மஸ்ரீ. பணம் இருந்தும் கணவருக்குக் கிடைக்காத சிகிச்சை, முகம் தெரியாதவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்தது பெரிய மனசு.

காபி மருந்துக்கு வருகிறேன். 1940-களில் டென்மார்க்கில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், வயிற்றுப் பூச்சிக்கு ஆகுமா என்று டைசல்ஃபிராம் என்ற மருந்தைத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அப்புறம் குடித்தபோது முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு படபடத்தது. மருந்து பூச்சியை விட்டுவிட்டுக் குடியைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் பார்த்து, நோயாளிக்கு எல்லாம் சொல்லி, சம்மதம் வாங்கிக் கொடுத்தால் நல்ல துணை. தெரியாமல் கலந்து கொடுத்து, அவர் வெளியே போய் ஒரு ஃபுல் அடித்தால்? பிரஷர் விழுந்து ஆளே விழலாம். காபி பொடி, சர்க்கரை தவிர காபியில் எதையும் கலக்காதீர்கள்.

எங்கே வழுக்கும் என்று அண்ணனைப் பட்டியல் எழுதச் சொல்லியிருந்தார்கள். சம்பள நாள், மழை, ஆபீஸ் பின்சந்து எல்லாம் எழுதினான். ஏழாவது மாசம் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். சந்தோஷத்தைப் பட்டியலில் எழுத மறந்திருந்தான். இரண்டு நாள் குடித்துவிட்டு, மூன்றாம் நாள் தானே மையத்துக்குப் போன் செய்தான். டாக்டர் திட்டவில்லையாம். சர்க்கரை ஏறிய பேஷன்ட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்து, ஐந்து நாள் படுக்க வைத்து அனுப்பினார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால்: ராத்திரியில் டாக்டர் இருப்பாரா, வீட்டார் வந்து பார்க்கலாமா, அரசுப் பதிவு உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். அடிக்கிற, கட்டிப்போடுகிற இடமும் உண்டு. 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுவதே தப்பு. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவிலும் பார்ப்பார்கள். 14446 என்ற அரசு நம்பருக்கு இலவசமாகப் பேசலாம்.

அண்ணன் குடித்து நாலு வருஷம் ஆகிறது. சத்தியமெல்லாம் செய்வதில்லை. 'இன்னிக்கு இல்லை, அவ்வளவுதான்' என்பான். அந்தப் பூட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டது. அதன் சாவியைக் கூட அண்ணி என்னிடம் தருவதில்லை.